முதல் வீடு வாங்கப் போறீங்களா, புரோக்கர்கிட்ட எதைச் சொல்லணும் எதைச் சொல்லக்கூடாது

வீடு பாக்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்துக்கோங்க. வீட்டு விலை 100ன்னு வைங்க, கமிஷன் 2 பர்சென்ட். பேரம் பேசி 95க்கு இறக்கினா உங்களுக்கு 5 மிச்சம், புரோக்கருக்கு 2 வர்ற இடத்துல 1.90 வரும், அவ்ளோதான். அந்த 5-ஐ குறைக்க ஒரு மாசம் மல்லுக்கட்டுறதுல அவருக்கு ஒண்ணும் இல்ல, சட்டுபுட்டுனு கைமாறினா போதும். அவரு கெட்டவர்னு சொல்லல, நல்ல புரோக்கர் அமைஞ்சா பாதி அலைச்சல் மிச்சம்.

அதனால முதல்லயே "விக்கிறவங்ககிட்டயும் கமிஷன் வாங்குறீங்களா"ன்னு கேட்டுடுங்க, கூச்சமாத்தான் இருக்கும், பரவால்ல. ரெண்டு பக்கமும் வாங்குறவர்னா வீடு காட்ட மட்டும் வச்சுக்கிட்டு விலைய நீங்களே பேசுங்க. கமிஷன் எவ்ளோ, எப்ப குடுக்கணும், டீல் முறிஞ்சா என்ன, இதெல்லாம் மெசேஜ்லயாவது எழுதி வாங்கிடணும். வேற புரோக்கர்கிட்ட போகமாட்டேன்னு கையெழுத்து கேட்டா எத்தன மாசத்துக்குன்னு பாக்காம போடாதீங்க.

பட்ஜெட்லதான் எல்லாரும் சறுக்குறது. பேங்க்ல எவ்ளோ லோன் தருவாங்கன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கணும், ஆனா அந்த முழு நம்பர் அவர் காதுக்கு போகக்கூடாது. நான் வெள்ளந்தியா "கூடிப்போனா இவ்ளோ"ன்னு ஒளறிட்டேன், அதுக்கப்புறம் அதுக்கு கீழ ஒரு வீடு கூட கண்ணுல காட்டல. வாடகை வீட்ட எப்ப காலி பண்ணணும்ங்கிற கதையும் வேணாம். எத்தன ரூம், ஆபீஸ் எவ்ளோ தூரம், மாடி ஏற முடியாத பெரியவங்க இருக்காங்களா, இதெல்லாம் தாராளமா சொல்லுங்க, இல்லன்னா கண்ட வீட்டையும் காட்டி ஞாயித்துக்கிழமைய காலி பண்ணிடுவார்.

உள்ள போனதும் அவரு ஹால்ல நின்னு வெளிச்சம் காத்துன்னு பேசிட்டிருப்பார், நீங்க நேரா பாத்ரூம் போய் எல்லா குழாயையும் ஒண்ணா திறந்து பிளஷ்ஷையும் அமுக்குங்க, தண்ணி நூல் மாதிரி வந்தா விஷயம் தெரிஞ்சிடும். சுவத்துல ஒரே ஒரு இடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா இருக்கா, கைய வச்சு பாருங்க, சில்லுன்னு இருந்தா அங்க ஓதம் அடிச்சிருக்கான்னு சந்தேகப்படணும். பிடிச்சிருந்தா ராத்திரி ஒரு ரவுண்டு, மழை பேஞ்ச மறுநாள் ஒரு ரவுண்டு, ரெண்டும் அவர் இல்லாம.

கடைசில "இன்னொரு பார்ட்டி நாளைக்கே அட்வான்ஸ் தர்றாங்க"ன்னு போன் வரும். நிஜமாவும் இருக்கலாம், இருந்தாலும் டாக்குமென்ட்ட உங்க வக்கீல் பாக்காம, அதுவும் புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் இல்ல, காசு குடுக்காதீங்க. லோன் கிடைக்கலன்னாலும் பேப்பர்ல வில்லங்கம்னாலும் அட்வான்ஸ் திரும்ப வரணும்னு அக்ரிமென்ட்ல எழுதச் சொல்லுங்க. நான் கேட்டப்ப "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு இழுத்தாங்க, எழுதினாத்தான்னு நின்னுட்டேன். ஒரு வாரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க, அந்த இன்னொரு பார்ட்டிய பத்தி பேச்சே இல்ல.