அஸ்வெசும: உதவப் போகிறவர்கள் விடும் பிழைகள்

“சமுர்த்தி எடுத்தவதானே, இதுவும் தானா வரும்” என்று விட்டுவிடுவதுதான் முதல் பிழை. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதந்தோறும் காசு கொடுக்கும் திட்டம்; பழைய வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் புதுப் பெயர் அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்து ஒரு வீட்டாரை மதிப்பிடுகிறார்கள். பழைய சமுர்த்திப் பதிவு அந்தக் கணக்கில் உதவாது.

இதை விளங்காமல் எழுதும் மேன்முறையீடுகள்தான் வீணாகின்றன. “நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்” என்று இரண்டு பக்கம் எழுதினாலும், எந்தத் தகவல் பிழையாகப் பதிவானது என்று அதில் இல்லாவிட்டால் அதிகாரிக்குத் திருத்த ஒன்றும் கிடைக்காது. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் முதலாளியின் படகில் கூலிக்குப் போகிறார். படகு அவருடைய சொத்தாகப் பதிவாகியிருந்தால், அதையே முதல் வரியில் எழுதி, படகு உரிமையாளரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். வருமானம் கேட்கும்போது நல்ல மீன்பாடு இருந்த மாதத்தை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். வாடைக் காலத்தில் கடலுக்குப் போகமுடியாத மாதங்களையும் சேர்த்துச் சொல்ல வையுங்கள். அதற்காக உள்ளதை மறைக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களுக்கு கரண்ட் பில்லும் சுவரும் கூரையும் தெரியும்.

மேன்முறையீடு வேறு, ஆட்சேபனை வேறு. தெரிவாகாதவரும், தெரிவாகியும் குறைந்த பிரிவில் விழுந்தவரும் செய்வது மேன்முறையீடு. தகுதியில்லாத இன்னொருவர் தெரிவானதைச் சுட்டுவது ஆட்சேபனை. குறைந்த பிரிவில் இருப்பவர் “ஏதோ கிடைக்குதே” என்று பேசாமல் இருந்துவிடுகிறார். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு படிகள் இருந்தன. 2025 ஜனவரியில் மேல் இரண்டும் 10,000, 17,500 ஆயின. கீழ் இரண்டு படிகளும் காலவரையறையோடு வந்தவை. ஆகவே பிரிவைச் சரிபார்க்காமல் கோவையை மூடாதீர்கள்.

திருகோணமலையில் இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அதிகம். அடையாள அட்டையில் சம்பூர் முகவரி, குடியிருப்பது ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகப் பிரிவில் என்றால், இப்போது வாழும் இடத்துக் கிராம அலுவலரிடம் முதலில் பதிவைச் சரிசெய்யுங்கள். ஒரே வளவில் இரண்டு குடும்பம் தனித்தனியே சமைத்தால், அதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

தெரிவானபின் காசு வங்கியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்தான். அடையாள அட்டையில் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து. அல்லது ஒன்றில் தகப்பன் பெயர், மற்றதில் கணவன் பெயர். பழைய ஒன்பது இலக்க எண்ணோடு பதிந்துவிட்டு வங்கியில் பன்னிரண்டு இலக்கப் புது எண்ணைக் கொடுப்பதும் இதே சிக்கலைத் தரும். பிரதேச செயலகத்துக்குப் போகும் முன் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நெடுநாள் பாவிக்காத கணக்கு என்றால், உயிரோடு இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

முதியோர், மாற்றுத்திறனாளி, சிறுநீரக நோயாளி கொடுப்பனவுகள் குடும்பக் கொடுப்பனவிலிருந்து வேறானவை. வீட்டில் அம்மம்மாவோ நோயாளியோ இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடமும், தொலைபேசியில் வரும் இரகசிய எண்ணைக் கேட்பவரிடமும் எதையும் கொடுக்க விடாதீர்கள். சமுர்த்தி வங்கியில் இருக்கும் சேமிப்பு அந்தக் குடும்பத்தினருடையதே. கொடுப்பனவு மாறியதால் அது போய்விடாது. அந்தப் புத்தகத்தை எறியாமல், விண்ணப்ப இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்து, 1924 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கும்போது கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.