ரயில் கணக்கில் தூரத்தை முதலில் பிடியுங்கள்

இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் வேகங்களைக் கூட்டு, ஒரே திசையில் போனால் கழி. இது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் ஆர்.ஆர்.பி. (ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியம்), வங்கித் தேர்வுகளில் ரயில் கணக்கு காலை வாருகிறது என்றால், பெரும்பாலும் தூரத்தைத் தவறாக எடுத்ததுதான் காரணம்.

கடப்பது என்பது இன்ஜின் முனை எதிரே உள்ளதை எட்டும்போது தொடங்கி, கடைசிப் பெட்டியின் பின்முனை அதைவிட்டு விலகும்போது முடிகிறது. ஆகவே கம்பத்தையோ நிற்கும் ஆளையோ கடந்தால் ரயிலின் நீளம் மட்டுமே தூரம். பிளாட்பாரம், பாலம் என்றால் அதன் நீளத்தையும் சேர்க்க வேண்டும். இன்னொரு ரயில் என்றால் இரண்டின் நீளமும் சேரும்.

நீளம் மீட்டரில், நேரம் விநாடியில் இருந்தால் மணிக்கு இத்தனை கி.மீ. என்ற வேகத்தை 5/18ஆல் பெருக்கி, விநாடிக்கு இத்தனை மீட்டர் (மீ/வி) என்று மாற்றுங்கள். 18, 36, 54, 72, 90, 108 ஆகியவை முறையே 5, 10, 15, 20, 25, 30 மீ/வி ஆகும்; இதை நெட்டுருப் போட்டுவிடலாம். ஒன்று முக்கியம்: கூட்டல் கழித்தலை முடித்த பிறகே மாற்றுங்கள். 60, 48 இரண்டையும் தனித்தனியே மாற்றினால் 50/3, 40/3 என்று பின்னத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் கூட்டினால் 108, அதாவது நேராக 30.

150 மீ. நீள ரயில் 60 கி.மீ. வேகத்திலும், 120 மீ. நீள ரயில் 48 கி.மீ. வேகத்திலும் ஓடுவதாகக் கொள்வோம். தூரம் 270 மீ. எதிரெதிரே வந்தால் 270 ÷ 30 = 9 விநாடி. ஒரே திசை என்றால் வேக வித்தியாசம் 12 கி.மீ., அதாவது 10/3 மீ/வி. முந்திச் செல்ல 81 விநாடி. முந்துவதற்கு எதிரெதிரே கடப்பதைவிடக் குறைந்த நேரம் வந்தால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

இதே கணக்கில், "முதல் ரயிலில் அமர்ந்திருப்பவரை எதிரே வரும் ரயில் எத்தனை விநாடியில் கடக்கும்?" என்று கேட்டால் விடை 9 அல்ல. அமர்ந்திருப்பவர் ஒரு புள்ளி. அவருடைய ரயிலின் நீளம் கணக்கில் வராது. 120 ÷ 30 = 4 விநாடி. ஆனால் வேகம் அப்படியே கூட்டப்படும், ஏனென்றால் அவரும் 60 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறார். விடைகளின் வரிசையில் 9 நிச்சயம் காத்திருக்கும்.

இன்னொரு வகை: ஒரு ரயில் கம்பத்தை 8 விநாடியிலும், 180 மீ. பிளாட்பாரத்தை 20 விநாடியிலும் கடக்கிறது. சமன்பாடே வேண்டாம். கூடுதலான 12 விநாடியும் பிளாட்பாரத்தின் நீளத்துக்கே செலவானது. 180 ÷ 12 = 15 மீ/வி, அதாவது 54 கி.மீ. ரயிலின் நீளம் 15 × 8 = 120 மீ.

புறப்படும் நேரம் வேறுபட்டால், பிந்திய ரயில் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 330 கி.மீ. இடைவெளியுள்ள இரு ஊர்களிலிருந்து ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன: ஒன்று காலை 7 மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், மற்றது 8 மணிக்கு 75 கி.மீ. வேகத்தில். 8 மணிக்கு மீதி 270 கி.மீ. 270 ÷ 135 = 2 மணி நேரம்; சந்திப்பு காலை 10 மணிக்கு. இங்கே 5/18க்கு வேலையே இல்லை. ரயிலின் நீளமும் தேவையில்லை. சந்திக்கும் இடத்தைக் கேட்டால் முதல் ரயிலுக்கு 2 அல்ல, 3 மணி நேரம் போடுங்கள்: 180 கி.மீ. மற்றது ஓடியது 150. இரண்டும் சேர்ந்து 330 வருகிறதா என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.