மாட்டு ஏப்பத்துக்குக் கணக்கு: தொட்டியடியில் சறுக்கும் இடங்கள்

இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர் வீட்டில் ஆண்டுக்கு எவ்வளவு மீத்தேன் (புவியைச் சூடாக்கும் வாயு) கிளம்பும் என்று பார்க்கச் சூத்திரம் எளிதுதான். மாடு ஓர் ஆண்டில் தின்ற உலர் தீவனக் கிலோவை 18.45ஆல் பெருக்கினால் அது உட்கொண்ட ஆற்றல், மெகாஜூலில். அதில் சுமார் 6.5 விழுக்காடு வயிற்றில் மீத்தேனாகி, பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே போகிறது. 55.65ஆல் வகுத்தால் மீத்தேன் கிலோவில் வந்துவிடும். இதில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது தீவனத் தொட்டியடியில்.

பெரிய தவறு, ஈரத்தையும் சேர்த்து எடை போடுவது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ கோ-4 ரகத் தீவனப் புல், 4 கிலோ வைக்கோல், 2 கிலோ அடர் தீவனம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 26 கிலோ. அப்படியே சூத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு 204 கிலோ மீத்தேன் என்று வரும். ஆனால் பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர் எடையாகப் பார்த்தால் புல் 4, வைக்கோல் 3.6, அடர் தீவனம் 1.8, மொத்தம் 9.4 கிலோ. மீத்தேன் 74 கிலோதான். ஒரே மாடு, ஒரே தொட்டி, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்! கழுநீரிலும் இதே கதை: வாளி நிறைய இருக்கும், உலர் பொருள் ஒரு கை அளவுதான். போட்டதை எல்லாம் மாடு தின்றதாகவும் எழுதக் கூடாது. காலையில் தொட்டியில் மிஞ்சிய தட்டையையும் எடை போட்டுக் கழிக்க வேண்டும்.

ஒரு நாள் போய் அளந்துவிட்டு 365ஆல் பெருக்குவதும் வழக்கமாகிவிட்டது. தை அறுவடை முடிந்தால் வைக்கோல், ஐப்பசி மழையில் வரப்புப் புல், சித்திரையில் கிடைத்தது என்று மாட்டின் சாப்பாடு பருவத்துக்குப் பருவம் மாறும். பருவத்துக்கு ஒரு முறையாவது போகாமல் முடியாது.

மேய்ச்சல் மாட்டின் தீவனத்தை எடை போட வழியில்லை. அங்கே உடல் எடை, பால், சினை, நடை ஆகியவற்றிலிருந்து தேவையான ஆற்றலைக் கணிப்பார்கள். எடையைக் கண்ணளவில் சொல்லாமல் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து கணிப்பது நல்லது. பாலுக்குச் சொசைட்டிப் பாஸ்புக்கை மட்டும் நம்பினால் கன்று குடித்ததும் வீட்டுக்கு எடுத்ததும் விட்டுப்போகும். ஈன்ற புதிதில் கறந்த அளவை ஆண்டு முழுக்க நீட்டினாலோ கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். பால் வற்றிய மாதங்களும் உண்டே.

கன்றுக்குட்டியையும் ஒரு 'மாடு' என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். பாலை மட்டுமே குடிக்கும் கன்றுக்கு மீத்தேன் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிடேரிக்கும் காளைக்கும் தனித்தனிக் கணக்கு.

எதையும் அளக்க முடியாதவர்கள் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் சராசரியை எடுக்கிறார்கள். இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 2006 வழிகாட்டியில் ஆண்டுக்கு 58 கிலோ, 2019 திருத்தத்தில் 73. பழைய ஆண்டுகளை 58ஆலும் புதியதை 73ஆலும் கணக்கிட்டால் மீத்தேன் எகிறிவிட்டதாகத் தெரியும். மாறியது எண்தான், மாடு அல்ல. பழைய ஆண்டுகளையும் புதிய எண்ணால் திரும்பப் போட வேண்டும்.

சாணத்துக்குத் தனிக் கணக்கு. 2006 வழிகாட்டியின்படி வெப்பப் பகுதியில் திறந்த சாணக் குளத்தில், உண்டாகக்கூடிய மீத்தேனில் 80 விழுக்காடு வரை வெளியேறும். கெட்டியாகக் குவித்த குப்பையில் 5தான். நம் ஊர்க் குப்பைமேட்டுக்குப் பெரிய பண்ணையின் எண்ணைப் போட்டால் சிறு விவசாயி தலையில் இல்லாத பாவம் ஏறும்.

லிட்டருக்கு இவ்வளவு மீத்தேன் என்று ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். காங்கேயம் பசு கறப்பது குறைவு என்பதால் லிட்டர் கணக்கில் மோசமாகத் தெரியும். அதன் எருவையும், அது ஈனும் உழவு காளையையும் பால் கணக்கு பார்ப்பதில்லை.