பழைய 8051 போர்டுக்கு மாற்று சிப் தேடும்போது

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. மெஷின் கன்ட்ரோலரில் இருந்த ஏடி89சி51 சிப் (8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தைச் சேர்ந்தது) செத்துப்போயிருந்தது. "ஏதாவது புதுசாப் போட்டு ஓட வைங்க சார்" என்றார் மெயின்டனன்ஸ் பார்க்கும் அண்ணன்.

மாற்று சிப் என்றதும் பலரும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது, புரோகிராம் யாரிடம் இருக்கிறது என்று. எழுதிய புரோகிராம் இல்லாமல், சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் ஃபைல் மட்டும் இருந்தால் 8051 குடும்பத்தை விட்டு வெளியே போகாதீர்கள். ஏடி89எஸ்52 போடலாம், அதே 40 கால், அதே 5 வோல்ட், பழைய சாக்கெட்டிலேயே உட்காரும். வாங்கும்போது மேல்பரப்பைச் சாய்த்துப் பாருங்கள். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்த சிப்பில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அதே குடும்பத்திலும் ஒரு கண்ணி உண்டு. பழைய 8051க்கு ஒரு மெஷின் சைக்கிளுக்கு, அதாவது கட்டளையை நிறைவேற்றும் ஒரு சுற்றுக்கு, 12 கிளாக் துடிப்பு. புதிய ரகங்கள் சிலவற்றுக்கு ஒன்றே போதும். டிலே லூப்பை (சும்மா சுற்றி நேரம் கடத்தும் கட்டளைகளை) வைத்து நேரம் எண்ணும் பழைய புரோகிராம் அதில் தலைதெறிக்க ஓடும். 12 கிளாக் மோடு இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். கிளாக் தரும் கிரிஸ்டலையும் மாற்றாதீர்கள், 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்த விநோத எண் சீரியல் லைனில் 9600 பாட் வேகம் பிசகாமல் வருவதற்காக வைத்தது.

பட்டறையில் ஹெக்ஸும் இல்லை. புரோகிராமைப் புதிதாக எழுதியே ஆக வேண்டும் என்பதால் வேறு குடும்பத்தைச் சேர்ந்த 3.3 வோல்ட் சிப்பான எஸ்டிஎம்32எஃப்103 எடுத்து, சாக்கெட்டில் செருகச் சின்ன அடாப்டர் போர்டு செய்தேன். மேஜையில் அருமையாக ஓடியது. மெஷினில் மாட்டி பவர் போட்டதும் ஸ்டீம் வால்வு ரிலே படபடவென்று அடித்தது. நல்லவேளை, ஸ்டீம் லைன் மூடியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். பவர் வந்து 8051 ரீசெட் ஆனதும், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, இந்த போர்டில் ரிலே ஓட்டும் பின்கள் ஹையில் நிற்கும். அதை நம்பித்தான் நடுவில் ஒரு 74எச்சி04 இன்வெர்ட்டர் (ஹையை லோ ஆக்கும், லோவை ஹை ஆக்கும் சிப்) வைத்திருந்தார்கள். பின் ஹை என்றால் ரிலே ஆஃப். எஸ்டிஎம்32-இன் பின்களோ ரீசெட்டில் ஹையும் இல்லாமல் லோவும் இல்லாமல் அந்தரத்தில் மிதக்கும். ஒவ்வொரு லைனுக்கும் அதை ஹையில் இழுத்துப் பிடிக்கும் 10கே புல்-அப் ரெசிஸ்டர் போட்டேன், படபடப்பு நின்றது. 74எச்சிக்குப் பதில் 74எச்சிடி மாற்றினேன். 5 வோல்ட்டில் எச்சி சிப் ஹை என்று ஏற்க 3.5 வோல்ட் கேட்கும், புது சிப் தருவதோ 3.3தான். எச்சிடிக்கு அது போதும். புல்-அப்பையும் அந்த 3.3க்கே கட்டினேன்.

ஏவிஆர் என்ற இன்னொரு சிப் குடும்பத்தின் பக்கம் போகிறவர்கள் 9ஆவது காலை, அதாவது ரீசெட் காலை, பாருங்கள். ஏட்மெகா8515-இல் பின் வரிசை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ரீசெட் தலைகீழ்: 8051 ஹையில் ரீசெட் ஆகும், இது லோவில். அந்தக் காலில் இருக்கும் கெபாசிட்டர், ரெசிஸ்டர் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும்.

சரி, ரிலே சப்ளையைக் கழற்றி வைத்துவிட்டு, பவரைப் பத்துப் பதினைந்து தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். அப்புறம் வால்வை இணையுங்கள்.