முதலில் ஒரு பொதுச் சோதனைக்கூடம் போடுங்கள்

வளரும் நாடு புதுமையை எங்கே தொடங்கலாம் என்றால், கோவையில் பம்ப் உதிரிபாகம் வார்க்கும் நான் சொல்வது: பொதுச் சோதனைக்கூடம். வார்த்த இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், குறை மணலின் ஈரத்திலா, உருக்கிய இரும்பின் சூட்டிலா என்று சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்தக் கருவிகளைச் சின்னப் பட்டறை தனியாக வாங்க முடியாது. அரசும் தொழில் சங்கமும் சேர்ந்து வாங்கிப் போடட்டும்; கட்டணம் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும்.

அப்புறம் தைவானைப் பாருங்கள். 1973இல் அரசே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1976இல் அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்திடம் சிப் தொழில்நுட்பம் வாங்கியபோது, இளம் பொறியாளர்களை அங்கேயே அனுப்பிப் பழக்கினார்கள். என் பார்வையில் இதுதான் உயிர்நாடி. உரிமப் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் செய்யும் திறமை கைக்கு வராது. அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்துதான் 1980இல் யுஎம்சி, 1987இல் டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்பு நிறுவனங்கள் பிறந்தன. ஆகவே ஆய்வகத்து ஆட்கள் வெளியே போய்த் தொழில் தொடங்க விதியிலேயே வழி வையுங்கள்.

தொழில்பூங்கா, வரிச்சலுகை எல்லாம் வேண்டியதுதான், ஆனால் பிறகு. தைவானிலும் சின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல்தான் வந்தது.

கடைசியாக, புதுப் பொருளை அரசே முதலில் வாங்கட்டும். குடிநீர் டெண்டரில் உள்ளூர்ப் புது பம்புகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் போதும், நாங்கள் துணிந்து புது வார்ப்பு அச்சு வெட்டுவோம்.