குழந்தைகளோடு எல்ட்ஸ் கோட்டைக்கு: மோசல்கெர்னிலிருந்து காட்டு வழி நடை

ஜெர்மனியில் எல்ட்ஸ் கோட்டைக்குக் காரிலேயே போகலாம். மேலே புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினால் கால் மணி நேர நடைதான். இருந்தாலும், நடக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் மோசல்கெர்னில் ரயிலை விட்டு இறங்கி ஓடையோரமாக நடந்து போங்கள். இந்த வழியில் கடைசி வரைக்கும் கோட்டை கண்ணில் படாது. மரங்கள் விலகியதும் 70 மீட்டர் பாறைமேல் கோபுரமும் கூரையுமாக நிற்கும். காரில் போனால் அந்தச் சுகம் கிடைக்காது.

படி 1: நாள். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். கிளம்புமுன் கோட்டையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: பயணச்சீட்டு. கோட்டை இருக்கும் மாநிலத்தின் நாள் பயணச்சீட்டான ரைன்லாந்து-ஃபால்ஸ் டிக்கெட் வாங்குங்கள். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுக்கப் போய்வரலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்; சனி, ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பக்கத்துப் பெரிய நகரமான கோப்லென்ஸில் ஏறும்போது எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். விரைவு ரயில் மோசல்கெர்னில் நிற்காது.

படி 3: ஓடை வழி. நிலையத்திலிருந்து கோட்டைக்குச் சுமார் 5 கிலோமீட்டர். முதல் பாதி ஊருக்குள்ளும் தார்ச்சாலையிலும் போகும், சொல்ல ஒன்றுமில்லை. ரிங்கெல்ஸ்டைன் ஆலை என்ற பழைய ஆலைக் கட்டிடத்தைத் தாண்டியதும்தான் காடு. எல்ஸ்பாக் ஓடை கூடவே வரும்.

குழந்தையை வைத்துத் தள்ளும் சக்கர வண்டி இங்கேதான் காலை வாரும். தார்ச்சாலையில் சுகமாக உருண்டு வந்த அதே வண்டி, ஆலை தாண்டியதும் வேரிலும் கல்லிலும் இடித்து நிற்கும். பாதை சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகப் போகிற அகலம்தான். மழை பெய்திருந்தால் வேர்கள் வழுக்கும். கடைசியில் கோட்டைக்கு ஏறப் படிக்கட்டு வேறு. கைக்குழந்தை இருந்தால் முதுகில் மாட்டும் சுமைப்பைதான் சரி. அதிலும் இடுப்புப் பட்டை உள்ளதையே வாங்குங்கள். பாரமெல்லாம் தோளில் ஏறினால் ஆலைக்கு வருமுன்னே தோள் கடுக்கத் தொடங்கிவிடும். காலுக்கு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற காலணி.

பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஓடையில் கல் போடாமல் எந்தப் பிள்ளையும் நகராது, அவசரப்படுத்தாதீர்கள். வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் இணைப்பை நம்ப வேண்டாம்.

படி 4: கோட்டை. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சுமார் 40 நிமிடம். படம் எடுக்கக் கூடாது. போவதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கதை சொல்லிவையுங்கள். 1157-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே எல்ட்ஸ் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. இன்றைக்கும் கோட்டை அந்தக் குடும்பத்தின் கையில்தான். ஒரே குடும்பத்தின் கிளைகள் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த இடம் இது. கூட்டுக் குடும்பம் தெரிந்த நமக்கு இது சட்டென்று புரியும். 1331-இல் ட்ரியர் நகரப் பேராயர் பால்டுவின் எதிரே ஒரு முற்றுகைக் கோட்டையைக் கட்டி இவர்களைப் பணியவைத்தார். அதன் இடிபாட்டைப் பக்கத்து மேட்டில் இன்றும் பார்க்கலாம்.

பெரிய மண்டபத்தில் கோமாளி முகங்களைத் தேடச் சொல்லுங்கள். இங்கே மனதில் பட்டதைப் பேசலாம் என்பதற்கு அவை அடையாளம். கதவுக்கு மேல் ஒரு ரோஜாவும் இருக்கும். பேசியது வெளியே போகக் கூடாது என்று அதற்குப் பொருள். இந்த இரண்டையும் சொல்லிவைத்தால் பிள்ளைகள் கண்ணை அகற்ற மாட்டார்கள். அப்புறம் பழைய சமையலறை. கருவூலத்தை மட்டும் வழிகாட்டி இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம்.

சாப்பாடு உள்ளேயே கிடைக்கும். நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போவதையே விரும்புவேன். ஓடைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பிள்ளைகளும் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடும்.

பிற்சேர்க்கை: தாத்தா பாட்டி வந்தால்? இதைப் படித்த சிலர் கேட்டார்கள். அவர்களைக் காரில் மேலே உள்ள நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கிருந்து கோட்டை வாசலுக்குச் சிற்றுந்து ஓடுகிறது, தனிக் கட்டணம். மற்றவர்கள் ஓடை வழியாக நடந்து வந்து வாசலில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் உள்ளேயும் படிகள் நிறைய. முட்டி வலி உள்ளவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து ரசிப்பதே நல்லது.

படி 5: திரும்பும்போது. கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தியதைக் குறிவைத்துக் கிளம்புங்கள். பிள்ளைகள் திரும்பும்போது மெதுவாகத்தான் நடப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சில வாரம் கழித்தும் வரலாம், எனவே கடித்த தேதியைக் குறித்துவையுங்கள்.