வயல் களிமண்ணில் தண்ணீர் எங்கே மறிக்கிறது? குழி தோண்டிப் பார்க்கும் முறை

நெல் வயலை வாழைக்கோ தென்னைக்கோ காய்கறிக்கோ மாற்றப் போகிறீர்கள் என்றால், கன்று வாங்குவதற்கு முன் ஒரு குழி தோண்டுங்கள். “எங்க மண்ணு களி, தண்ணி இறங்காது” என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்த ஆழத்தில் மறிக்கிறது என்று தெரிய வேண்டும். மேல்தோலே மூடிக்கொண்டு மறிக்கலாம். முக்கால் அடி ஆழத்தில் உழவு இறுக்கம் மறிக்கலாம். அடிக்களி மறிக்கலாம். இல்லாவிட்டால் நிலத்தடி நீரே ஏறி வந்து நிற்கலாம். வரப்பில் நின்று பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்: மழை விட்டு மூன்று நாளாகியும் வற்றாத வயல். ஆனால் நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

கீழே உள்ள முறை காவிரிக்கரை வயல்களை மனதில் வைத்து எழுதியது, குளித்தலை, முசிறியிலிருந்து திருவாரூர் வரை. தாமிரபரணி, வைகைக் கரைகளிலும் இதே முறை பொருந்தும்.

இடமும் மாதமும்

வெள்ளம் கரை மீறும்போது மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். அதைத்தான் படுகை என்கிறோம். நுண்களி அங்கே நிற்காது. ஆற்றை விட்டு விலகிப் போய், தண்ணீர் அசையாமல் நிற்கிற தாழ்வில்தான் படியும். அதனால் ஒரே ஊரில் ஆற்றோரம் வாழை செழிக்கும், அரை மைல் தள்ளி நெல் தவிர எதுவும் நிற்காது. மண் ஆய்வு வரைபடங்களில் ஒரே தன்மையுள்ள மண்ணை ஒரு ‘வரிசை’ என்பார்கள்: ஆற்றோர மண் படுகை வரிசை, கனத்த களி களத்தூர் வரிசை என்று வரும்.

ஆறு தன் அடித்தரையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்ட இடங்களில் பழைய வெள்ளத்தளம் ஒரு படி உயரத்தில் தட்டையாக நிற்கும். உயரத்தில் இருக்கிறதே, வடிந்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. தட்டை நிலத்துக்குச் சரிவு கிடையாது. போதாததற்கு, பின்பக்க மேட்டிலிருந்து ஊறி வருகிற தண்ணீர் அந்தப் படியின் உள் ஓரத்தில்தான் வந்து நிற்கும். எனவே நிலத்தின் நடுவில் ஒரு குழி, தாழ்ந்த மூலையில் ஒன்று, மேட்டை ஒட்டிய ஓரத்தில் ஒன்று என்று மூன்று தோண்டுங்கள். வரப்பையும் வாய்க்காலையும் விட்டு ஐந்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

தை அறுவடை முடிந்த இரண்டு மூன்று வாரம்தான் சரியான நேரம். மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் குழியில் தண்ணீர் ஊறாது. சித்திரையில் தோண்டினால் கடப்பாரைதான் வளையும், வெடிப்புகளில் உண்மையும் மறைந்துவிடும்.

குழி

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். ஈரக் களிச்சுவர் சொல்லாமல் சரியும். அதற்குமேல் தனியாக இறங்கித் தோண்ட வேண்டாம். ஆழம் வேண்டுமானால் அடியிலிருந்து மண் துளைக்கருவியால் இறக்குங்கள். ராத்திரி ஆடு மாடு விழாமல் முள் போட்டு மூடுங்கள்.

வெயில் படுகிற பக்கச் சுவரைப் பார்வைச் சுவராக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: மண்வெட்டியால் அந்தச் சுவரை அழகாகச் சீவிவிடுகிறார்கள். சீவிய களி சாந்து பூசிய சுவர் மாதிரி வழவழவென்று ஒரே நிறமாகிவிடும். துரு, வேர்த்தடம், வெடிப்பு எல்லாம் அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும். பழைய சமையல் கத்தியை ஒரு அங்குலம் குத்தி, நெம்பிப் பெயர்த்து எடுங்கள். மேலிருந்து கீழாக ஒரு முழ அகலத்துக்கு இப்படிப் பெயர்த்தால் மண் தன் இயல்பான உடைப்பில் தெரியும். கொத்துக்கரண்டியைவிட மொண்ணைக் கத்தி நல்லது. கூர்மையானது வெட்டும், மொண்ணையானதுதான் பெயர்க்கும்.

கையில் பிசைந்து பார்ப்பது

ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு பிடி மண் எடுத்து, வேர் நீக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாக நீட்டுங்கள். ஒரு அங்குலத்துக்குள் அறுந்தால் அது களி இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வந்தால் களிவண்டல். இரண்டு அங்குலத்தைத் தாண்டித் தொங்கினால் களி.

பிசைவதில் அவசரம் கூடாது. காய்ந்து ஈரமான களி முதலில் குருணை குருணையாக, மணல் கலந்தது போலவே நெருடும். இரண்டு நிமிடம் பிசைந்த பிறகுதான் குருணை கரைந்து வழவழப்பு வரும். அரை நிமிடத்தில் முடிவு எடுத்தவர்கள் கனத்த களியை வண்டல் என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

நிறம்: நிதானமாகப் படிக்க வேண்டிய பக்கம்

காற்றோட்டம் உள்ள மண்ணில் இரும்பு துருப்பிடித்த நிலையில் இருக்கும். அதனால் பழுப்பு, செம்பழுப்பு. தண்ணீர் வாரக்கணக்கில் நின்று காற்று தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். நிறம் போய் சாம்பல் மிஞ்சும். கரைந்த இரும்பு நகர்ந்து போய், காற்று கிடைக்கிற இடத்தில் மறுபடி துருவாகப் படியும். சாம்பல் தளத்தில் ஆரஞ்சுப் புள்ளி என்றால், அந்த ஆழத்தில் வருடத்தில் ஒரு பகுதி தண்ணீர் நிற்கிறது, ஒரு பகுதி வடிகிறது என்று பொருள்.

இனி, சாம்பல் எங்கே, துரு எங்கே என்று பாருங்கள்.

மேல் முக்கால் அடி சாம்பல், அதில் பழைய நெல் வேர் போன வழியெல்லாம் ஆரஞ்சுக் குழல், அதற்குக் கீழே மண் பழுப்பு. இப்படி இருந்தால் தண்ணீர் மேலேயே மறிக்கப்படுகிறது, அடிமண் நன்றாக இருக்கிறது. வருடா வருடம் சேற்றுழவு செய்ததால் வந்த இறுக்கம்தான் காரணம். நான்கில் எளிதில் தீர்வது இது.

ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே துரு, வெளிப்பக்கமும் வெடிப்புச் சுவரும் சாம்பல் என்றாலும் தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது. வெடிப்பு வழியாக இறங்கி, அடிக்களியில் தட்டி நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக, கட்டியின் உள்ளே முழுக்கச் சாம்பல், வேர்த்தடத்திலும் வெடிப்பிலும் மட்டும் துரு, ஆழம் போகப் போகச் சாம்பல் கூடுகிறது என்றால் அது கீழிருந்து ஏறும் நிலத்தடி நீர். இங்கே உளிக்கலப்பை (ஆழமாக இறங்கி இறுக்கத்தை உடைக்கும் கலப்பை) ஓட்டுவது காசுக்குக் கேடு. வடிவாய்க்காலை ஆழப்படுத்த வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சாம்பல் என்றாலே இப்போதும் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தமில்லை. நீலம் பாய்ந்த சாம்பல் கட்டி ஒன்றைப் பிளந்து நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில் பழுப்பேறினால் மண் இன்றும் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். மறுநாளும் நிறம் மாறாவிட்டால் அது பழைய காலத்துச் சாம்பலாக இருக்கலாம், இரும்பு எப்போதோ கழுவப்பட்டுப் போயிருக்கும்.

கத்தியும் வேரும்

கத்தியை ஒரே அழுத்தத்தில் சுவரில் குத்திக்கொண்டே கீழே வாருங்கள். நாலு அங்குலத்துக்கும் பத்து அங்குலத்துக்கும் நடுவில் திடீரென்று ஏறாமல் நின்று, அதற்குக் கீழே மறுபடி எளிதாக ஏறினால் அந்த நடுப்பகுதிதான் உழவு இறுக்கம். வேர்களும் அங்கே எல் எழுத்துப் போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். கீழே போகப் போக ஏறாமலே இருந்தால் அது அடிக்களி.

மூன்றடிக்குள் சுக்கான்கல் உருண்டைகள் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கார மண்ணின் அடையாளம் அது. மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள் மாங்கனீசு. அவையும் தண்ணீர் ஏறி இறங்குவதைத்தான் சொல்கின்றன.

கட்டி கரையும் சோதனை

காய்ந்த கடலைப் பருப்பு அளவு மண்கட்டிகள் மூன்று. கண்ணாடி டம்ளரில் மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீர் கூடவே கூடாது, அதில் உள்ள உப்பு களியைக் கலைய விடாமல் பிடித்துக்கொள்ளும், கெட்ட மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும். கட்டியை மெல்ல இறக்கிவிட்டு டம்ளரைத் தொடாதீர்கள். பத்து நிமிடம், இரண்டு மணி நேரம், மறுநாள் காலை என்று மூன்று தடவை பாருங்கள்.

கட்டி பொலபொலவென்று சரிந்து குவியலாகி, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அங்ககச்சத்து குறைவு, அவ்வளவுதான். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு மூட்டம் எழுந்து பரவினால் களித்துகள்கள் தனித்தனியாகப் பிரிகின்றன, சோடியம் மிகுதி, களர் மண். ஒவ்வொரு மழையிலும் அந்தப் பால்தான் மண்ணின் கண்களை அடைக்கிறது. திருச்சிப் பக்கம் மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டு வட்டாரத்தில் இது சகஜம்.

மூட்டம் வந்தால் மாதிரியை மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போய் ஜிப்சம் தேவையையும் சேர்த்துக் கேளுங்கள். பி.எச். 8.5-க்கு மேல், மாறும் சோடியம் (களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) 15 விழுக்காட்டுக்கு மேல், மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழ் என்று வந்தால் களர் உறுதி. சொல்லப்பட்ட தேவையில் பாதி அளவு ஜிப்சம் போடுவது வழக்கம். ஆனால் ஜிப்சம் விடுவிக்கிற சோடியம் தண்ணீரோடு வெளியேற வழி வேண்டும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் கொட்டினால் சோடியம் வயலிலேயே கிடக்கும்.

எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது

ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு அடித் துண்டு. ஒரு முனையின் வெளிப்பக்கத்தை அரத்தால் சீவிக் கூராக்கி, மேலே மரப்பலகை வைத்து நான்கு அங்குலம் இறங்கும்வரை சம்மட்டியால் தட்டுங்கள். சுற்றி ஒரு முழ தூரத்தில் சிறு வரப்பு கட்டி அதிலும் தண்ணீர் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து பொய்க் கணக்கு காட்டும்.

முதல் நாள் அளக்கவே கூடாது. காய்ந்த களி வெடிப்பு வழியாகக் குடம் குடமாகக் குடிக்கும், “நல்லாத்தான் இறங்குது” என்று தோன்றும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, களி ஊறி வெடிப்பு மூடிய பிறகு அளப்பதுதான் நிஜம். குழாயின் மேல் தட்டு போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் ஆவியாவதும் கணக்கில் சேரும், களியில் அது சின்னத் தொகை இல்லை.

களி மண்ணில் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. இறங்குவது இயல்பு. பத்து மணி நேரத்தில் 8 மி.மீ. இறங்கினால் மணிக்கு 0.8. ஐப்பசியில் ஒரே நாளில் 100 மி.மீ. மழை கொட்டினால், அதை இந்த மண் குடித்து முடிக்க 125 மணி நேரம், ஐந்து நாளுக்கு மேல். நெல்லுக்குக் கவலையில்லை. வாழைக்கு அது நோய்ப்படுக்கை.

இதே குழாயை மூன்று மட்டத்தில் வைத்துப் பாருங்கள்: மேல்மண்ணில், அதைச் சுரண்டிவிட்டு இறுக்கத்தின் மேல், இறுக்கத்தையும் வெட்டிவிட்டு அடிமண்ணில். மேலே 1, இறுக்கத்தில் 0.5, கீழே 4 என்று வந்தால் குற்றவாளி யார் என்று வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு என்ன

இறுக்கம்தான் காரணம் என்றால் உளிக்கலப்பை: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில், பிறகு குறுக்கே, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரக் களியில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி ஒரு கோடுதான் விழும். அடிக்களியோ நிலத்தடி நீரோ என்றால் மேட்டுப்பாத்தியும் வடிவாய்க்காலும்தான் வழி. அதுவும் முடியாத நிலம் நெல்லுக்கே இருக்கட்டும்.

மணல் அடிக்கலாமா என்பது தவறாமல் வரும் கேள்வி. ஒரு ஏக்கரில் அரை அடி மண் ஏறத்தாழ 790 டன். அதில் 55 விழுக்காடு இருக்கும் களியை 35-க்கு இறக்க 450 டன் மணல் வேண்டும், சுமார் ஐம்பது டிப்பர். அந்தப் பணத்தில் வடிகால் வெட்டி, மிச்சத்தில் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழலாம்.

பின்னர் சேர்த்தவை

சுவர் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, துருவே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கரும்பழுப்புக் களியில் புள்ளிகள் மங்கித்தான் தெரியும். கட்டியை ஈரப்படுத்தி, பிளந்து, காலை வெயிலில் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் நிறத்தை விட்டுவிட்டு இரண்டு கவனிப்புக் குழாய் நடுங்கள்: அடியில் துளையிட்டு நைலான் துணி சுற்றிய ஒன்றரை அங்குல பி.வி.சி., ஒன்று ஒன்றரை அடி ஆழம், மற்றது நாலடி. துளையுள்ள அடிப்பகுதியைச் சுற்றி மட்டும் மணல் போட்டு, அதற்கு மேல் தரைமட்டம் வரை களியால் இறுக அடையுங்கள், மழைநீரோ மேலே நிற்கும் தண்ணீரோ குழாய் ஓரமாக இறங்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் வாரம் ஒருமுறை குச்சி விட்டுப் பாருங்கள். சின்னதில் தண்ணீர், பெரியதில் இல்லை என்றால் மேலிருந்து வரும் தண்ணீர் நடுவில் மறித்து நிற்கிறது. இரண்டிலும் ஒரே மட்டம் என்றால் நிலத்தடி நீர்.

குழாயில் ஊற்றிய தண்ணீர் பத்தே நிமிடத்தில் காணாமல் போகிறது என்றால் மண்ணைப் பாராட்ட வேண்டாம். அடியில் நண்டு வளை இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி மறுபடி அடியுங்கள்.